"நாளை வந்து சேரும்"னு காட்டுற யோகா பாய் எப்பதான் வரும்?

2024 ஜூன் 2, சுரண்டையிலேருந்து ஒரு டீச்சர் கேட்டது

அண்ணாச்சி, யோகா பாய் ஒன்னு, குனியறப்ப கை ஊன யோகாக் கட்டை ரெண்டு, எட்டாத காலப் பிடிச்சி இழுக்கப் பெல்ட்டு ஒன்னு ஆர்டர் போட்டு 12 நாள் ஆச்சு. அஞ்சு நாளா "நாளை வந்து சேரும்"னே காட்டுது. ஜூன் 21 யோகா தினத்துக்கு ஸ்கூல் பிள்ளைங்களோட நானும் செய்யணும். ரத்து பண்ணிட்டு வேற எடத்துல போடவா, பொறுக்கவா? உங்களுக்கு இப்பிடி நடந்துருக்கா?

ஜூன் 2, ராத்திரி

நடந்துருக்காவா? இப்பவே நடந்துக்கிட்டுதான் இருக்கு. பாளையங்கோட்டையில நம்ம வீட்டு மொட்டைமாடிக்குக் காலைல யோகா படிக்கப் பதினாலு பேரு வாராங்க, கெடக்கறது அஞ்சு பாய். மே 18-ந்தேதி ஒம்பது பாய்க்குப் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒன்னும் வரல.

ரத்து பண்ணாதீங்க டீச்சர். 2015-லேருந்து வருசா வருசம் ஜூன் 21 வருதுல்லா, மே கடைசியிலேயே பாய்க்கு அடிபிடி ஆரம்பிச்சிரும். இப்பப் புதுசாப் போட்டா வரிசையில கடைசி ஆளா நிப்பீங்க.

ஜூன் 3

எல்லாம் மெட்ராஸ்ல மாட்டியிருக்கும். நம்ம ஊருக்கு வர்ற எந்தச் சாமானும் அங்க ரெண்டு நாள் தங்கி, குளிச்சி, தலை துவட்டிட்டுத்தான் கெளம்பும்.

ஜூன் 5

முந்தாநாள் எழுதுனது தப்பு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு என் பார்சல் ஜாதகத்தை வரி வரியாப் பாத்தேன். மே 19 ஹரியானாவுல ஏறியிருக்கு. 24 மதுரை. 25 காலைல திருநெல்வேலி. மெட்ராஸ் பக்கமே எட்டிப் பாக்கல. ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல ஆறு நாள்ல வந்துட்டு, நம்ம ஊர் குடோன்ல பதினோரு நாளா உக்காந்துருக்கு. குடோனுக்கும் என் வீட்டுக்கும் எட்டு கிலோமீட்டர். உருட்டி விட்டாக்கூட வந்துருக்கும்.

டீச்சர், உங்களோடதையும் அப்பிடிப் பாருங்க. கடைசியா வாயத் தொறந்து ஊர் பேர் சொன்ன எடம் எதுன்னு பாருங்க. அதுக்குக் கீழ "நாளை", "நாளை"ன்னு வர்ற வரியெல்லாம் மனுசன் எழுதுனது இல்ல.

ஜூன் 8

பொறுக்க முடியாம நேராப் போயிட்டேன். பைபாஸ் பக்கம் தகரக் கொட்டகை. உள்ள வெயில் வேகுது. மூலையில நீட்டு உருட்டா பொங்கல் கரும்புக் கட்டு சாத்தி வச்ச மாதிரி முப்பது நாப்பது நிக்குது. அத்தனையும் யோகா பாய். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. மாவட்டமே மூச்சப் பிடிச்சிக்கிட்டு இந்த மூலையத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கு.

அங்க ஒரு பையன், இருவத்திரெண்டு வயசு இருக்கும். ஸ்கேனரை வச்சிக்கிட்டே பேசுனான்.

"அண்ணாச்சி, பைக்ல ஒரு மூடைதான் தொங்கும். சின்னப் பார்சலா இருந்தா எழுவது எம்பது போட்டுக்கிடலாம். உங்க உருட்டு நாலு வச்சா வேற ஒன்னும் வைக்க முடியாது. எங்களுக்குப் பார்சலுக்குத்தான் துட்டு, நீளத்துக்கு இல்ல."

"அப்ப எப்பத்தான் வரும்?"

"வேன் வாரப்ப ஏத்தி விடுவோம்."

"வேன் எப்ப?"

"அது... வரும்."

"நான் வீட்டுல இல்லைன்னு மூணு தடவ மெசேஜ் வந்துருக்கே? நான் ரிட்டயர் ஆன ஆளு, வீட்ட விட்டு எங்கடே போவேன்?"

அவன் கொஞ்சம் நெளிஞ்சான். "கொண்டு போகாதத ராத்திரி கணக்கு முடிக்கணும்லா. ஏதாவது ஒரு காரணத்த அமுக்குனாத்தான் மிசின் விடும். 'வண்டியில எடம் இல்ல'ன்னு அதுல பட்டனே கெடையாது."

இதுதான் விசயம். நாலு உருட்டு அங்க இருந்துச்சு, இன்னொரு கட்டு அஞ்சு வேற பார்சலாப் பிரிஞ்சி இன்னும் வரல. அடையாள அட்டையக் காட்டி, ரகசிய எண்ணைச் சொல்லி, நாலையும் நம்ம பழைய டி.வி.எஸ். 50-ல முன்னாடி நிக்க வச்சி ஓட்டிட்டு வந்தேன். சமாதானபுரம் சிக்னல்ல ஒரு ஆளு, "பீரங்கியா அண்ணாச்சி?"ன்னு கேட்டாரு.

ஜூன் 8, திரும்பவும்

"அந்தப் பையன நல்லாக் கேட்டீங்களா"ன்னு ரெண்டு பேரு எழுதியிருக்கீங்க. இல்ல. டீ வாங்கிக் குடுத்தேன்.

ஜூன் 9

முகவரி பத்திக் கொஞ்சம். நம்ம பங்கும் இருக்கு, அதச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல.

நான் அடையாளம்னு எழுதுனது "பிள்ளையார் கோவில் பக்கம்". பாளையங்கோட்டையில பிள்ளையார் கோவில் பக்கத்துல இல்லாத வீடு எது? போன வருசம் ஒரு பார்சல்காரர் போன் போட்டு, "எந்த முடுக்கு அண்ணாச்சி?"ன்னாரு. "தெக்க பாத்த முடுக்கு"ன்னேன். அவரு விருதுநகர் பக்கம், முடுக்குன்னா சந்துன்னு தெரியும், ஆனா தெக்கு எதுன்னு அவருக்குத் தெரியல. இப்ப எழுதுறது: ரேசன் கடைக்கு எதிர்முடுக்கு, பச்சை கேட்டு, மாடியில தண்ணித் தொட்டி தெரியும். அதுக்குப் பொறவு போன் வரதே கொறஞ்சிட்டு.

தென்காசி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மாவட்டம் 2019 நவம்பர் 22-ல பிரிஞ்சிட்டு, பின்கோடு பிரியல. சுரண்டைக்கும் தென்காசிக்கும் இன்னமும் 627-தான் ஆரம்பம். அதனால பின்கோடு போட்ட உடனே சில கடையில மாவட்டம் "திருநெல்வேலி"ன்னு தானா விழும். அத மாத்தப் போயி ஆர்டரே நின்னுபோன கதை எங்க மச்சான் வீட்டுல நடந்துச்சு. விழுந்தது கெடக்கட்டும்னு விட்டுருங்க. தெரு எழுதுற வரியில "தென்காசி மாவட்டம்"னு நீங்களே சேத்து எழுதிருங்க. மெசின் பின்கோடப் பாக்கும், கடைசியில தூக்கிட்டு வர்ற மனுசன் உங்க வரியப் பாப்பாரு.

ரெண்டாவது போன் நம்பரும் போடுங்க. வகுப்புல இருக்கப்ப நீங்க போன எடுக்க மாட்டீங்கள்லா.

ஜூன் 10

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். ஒரே ஒரு தாமதத்துக்கு மட்டும் எனக்குக் கோவமே வரல.

2023 டிசம்பர். பெல்ட்டு பத்து, கார்க் கட்டை நாலு சொல்லியிருந்தேன். 16-ந்தேதி மதுரைய விட்டுக் கெளம்புச்சு. 17, 18 ரெண்டு நாளும் என்ன நடந்துச்சுன்னு நம்ம ஆளுகளுக்குச் சொல்லத் தேவையில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் சனங்களோட நின்னு போச்சு. தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள்ள நடந்து வந்தா. என் பெல்ட்டு எந்தக் குடோன்ல மொதந்துச்சோ, ஜனவரி மூணாவது வாரம் வந்துச்சு, அட்டைப் பெட்டி நனைஞ்சி காஞ்ச மொறமொறப்போட. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்களா"ன்னுதான் கொண்டு வந்தவர்ட்டக் கேட்டேன்.

அப்ப நாள் ஆனதுக்காகக் கோவம் வரலன்னுதானே அர்த்தம்? அது முப்பத்தஞ்சு நாளு, இது இருவது நாளு. இதுக்குத்தான் ரத்தம் கொதிக்குது.

ஜூன் 11

டீச்சர் கேட்டது: பாய் வர்ற வரைக்கும் எதுல செய்ய?

நின்னு செய்யறதுக்குப் பாயே வேண்டாம். தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம் எல்லாம் வெறுந்தரைதான் நல்லது. மொட்டைமாடி தட்டோடு கால நல்லாப் பிடிக்கும். மொசைக்கு, டைல்ஸ் தரைன்னா ஈரக்கால் ஆகாது.

உக்காந்து, படுத்துச் செய்யறதுக்குக் கோரைப் பாய். ஜமுக்காளத்த நாலா மடிச்சிப் போட்டா முட்டிக்கு எதம். ஆனா ரெண்டுலயும் கைய ஊனி இடுப்பத் தூக்குற அதோமுக ஸ்வானாசனம் பண்ணிராதீங்க. பாயும் நீங்களும் சேந்து செவத்துக்குப் போயிருவீங்க. நான் போயிருக்கேன்.

வழுக்காம இருக்க, கார்ல சாமி சிலைக்கு அடியில போடுறாங்கள்லா வலை மாதிரி ரப்பர் விரிப்பு, அது மீட்டர் கணக்குல கெடைக்கும். பாய்க்கு அடியில போட்டேன். பாய் நகரல. மேல உள்ள ஆளு வேர்த்தா வழுக்கத்தான் செய்யும்.

ஜூன் 13

கட்டைக்கு ஆசாரியப் பிடிச்சேன். யோகாக் கட்டைக்குப் பொதுவா அளவு 9 இஞ்சு, 6 இஞ்சு, 4 இஞ்சு. அளவைத் தாள்ல எழுதிக் குடுத்து, "என்ன மரமா இருந்தாலும் சரி"ன்னுட்டேன். அந்த வார்த்தையில விழுந்தேன். பழைய வேப்ப நெலையில ரெண்டு அறுத்து, விளிம்பு மழுக்கி, எண்ணெ தடவிக் கொண்டாந்துட்டாரு. பாக்க லெச்சுமி கடாச்சம். தூக்கிப் பாத்தா ஒன்னு ரெண்டரைக் கிலோ. முன்னாடி குனிஞ்சி கை வைக்கிறதுக்கு நல்லது, நகராது. கால் மேல விழுந்தா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிதான். கடையில வர்றது கார்க் இல்லன்னா ஃபோம், அதான் லேசா இருக்கு.

அப்பறம் பரண்ல இருந்து பழைய டெலிபோன் டைரக்டரி நாலு எறக்குனேன். ரெண்டு ரெண்டாச் சேத்து கட்டில் நாடாவால இறுக்கிச் சுத்தி மேல காடாத் துணி தைச்சாச்சு. உசரம் கச்சிதம். எக்ஸ்சேஞ்சுல முப்பத்தி மூணு வருசம் வேல பாத்ததுக்கு ஒரு பிரயோசனம்.

மிச்ச நாடாதான் பெல்ட்டு. ஒன்றரை இஞ்சு அகலம், ஆறடி நீளம் வெட்டி, பை தைக்கிற கடையில ரெண்டு இரும்பு வளையம் போட்டு வாங்குனேன். கடைப் பெல்ட்ட விட ஒரு பிடி தூக்கல்.

ஜூன் 14

பெருமாள்புரத்துக்காரர் ஒருத்தர் இப்பிடி எழுதியிருக்காரு: "எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தவரா நீங்க? 1990-கள்ல எங்க வீட்டு போன் ஒன்றரை மாசம் செத்துக் கெடந்துச்சு. தெனம் புகார் நம்பர் 198-க்குப் போட்டு அழுவோம். தெனமும் ஒரு ஆளு 'நாளைக்குச் சரியாயிரும் சார்'னு சொல்லுவாரு. அது நீங்கதானா?"

நானாவும் இருக்கலாம்.

ஜூன் 14, ராத்திரி பதினோரு மணி

தூக்கம் வரல. அந்த 198 நாற்காலியில நானும் நாலு வருசம் இருந்தேன். மழை பெஞ்சா தரைக்கடியில கேபிள்ல தண்ணி ஏறும். எந்தக் குழியில ஏறுச்சுன்னு தோண்டிப் பாக்காமத் தெரியாது. தோண்ட ஆள் வரணும், ஜாயின்ட் போடறவர் வரணும், அவரு ஒருத்தர்தான், எட்டு எடத்துக்குப் போகணும். பத்து நாளோ நாப்பது நாளோ, எனக்கே தெரியாது. "தெரியல சார்"னு சொன்னா மேல எழுதிப் போடுவாங்க. "நாளைக்கு"ன்னா போனை வச்சிருவாங்க. அடுத்த நாள் அந்த நாற்காலியில வேற ஆளு இருப்பாரு.

எங்க ரெஜிஸ்டர்லயும் "வண்டியில எடம் இல்ல"ங்கிற பட்டன் கெடையாது. "கேபிள் ஃபால்ட்"னு எழுதுவோம். அதுல எல்லாம் அடங்கிரும்.

குடோன் பையன்ட்ட டீ குடிச்சப்ப இது எனக்கு ஞாபகம் வரல. பெருமாள்புரத்துக்காரர் கெளப்பி விட்டுட்டாரு.

ஜூன் 16

புகார் எங்க பண்ணணும்னு நாலு பேரு கேட்டாச்சு.

மொதல்ல வித்த தளத்தோட குறைதீர் அதிகாரி. 2020-ல வந்த மின்வணிக விதிப்படி அந்தப் பேரும் தொடர்பும் தளத்துலயே போட்டுருக்கணும், கீழ பொடி எழுத்துல கெடக்கும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள்ள கெடச்சிட்டுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். அரட்டைப் பெட்டியில ரோபோகூட மல்லுக்கு நிக்காதீங்க. மெயில்ல எழுதுங்க, ஆர்டர் எண், தேதி, "வீட்டில் இல்லை"ன்னு வந்த பொய் மெசேஜோட படம், மூணும் சேத்து.

அதுக்கும் மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் மெயில் போட்டு, ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு எங்க இருக்கு பொறுமை? ஆனா அந்த மெயிலுக்குப் பொறவுதான் மிச்ச அஞ்சு பாய் மதுரையில கெடக்குன்னு ஒரு நெசமான தகவல் கெடச்சுது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற ஊர்லயே போடலாம், கடை எங்க இருந்தாலும் சரி. அஞ்சு லச்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. இருந்தாலும் எண்ணூறு ரூவா பாய்க்கு நான் போக மாட்டேன். பணத்தையும் வாங்கிக்கிட்டு, பொருளும் வராம, திருப்பியும் தராம இழுத்தடிச்சா அப்பப் போவேன்.

ஜூன் 18

அவசரம். "முகவரி தவறு, பார்சல் நிறுத்தப்பட்டது, 5 ரூபாய் கட்டவும்"னு ஒரு லிங்க்கு இன்னைக்கு வந்துச்சு. மிச்ச அஞ்சு பாய்க்குக் காத்துக் கெடக்கறவனுக்கு இது வந்தா என்ன செய்வான்? அமுக்கிட்டேன். கார்டு எண் கேக்கற எடத்துல வீட்டுக்காரி பின்னால நின்னு, "அஞ்சு ரூவாய்க்கு எதுக்குப் பதினாறு நம்பரு?"ன்னா. தப்பிச்சேன். யாருக்காவது பணம் போயிருந்தா உடனே 1930-க்குப் போடுங்க, ஒரு மணி நேரம்கூட யோசிக்காதீங்க.

காத்துக்கிட்டு இருக்கறவனத்தான் இவனுக குறி வைக்கான்.

ஜூன் 21

யோகா தினமும் நெல்லையப்பர் ஆனித் தேரும் இந்த வருசம் ஒரே நாள்ல வந்துட்டு. காலைல ஆறு மணிக்குப் பதினாலுல எட்டுப் பேருதான் மாடிக்கு வந்தாங்க, மிச்சப் பேரு டவுனுக்குத் தேர் இழுக்கப் போயாச்சு. பாய் ஒம்பது. ஒரு பாய் மிச்சம்! ஒரு மாசமா நான் அடிச்சிக்கிட்டதுக்கு சாமி சொன்ன பதில்.

வகுப்பு முடியற நேரம் போன். அதே பையன். "அண்ணாச்சி, உங்க அஞ்சும் வந்துட்டு. வேனும் இருக்கு. ஆனா டவுன்ல வண்டி நகரல. வடம் அறுந்து தேரே நிக்கி, உங்க பாய் நிக்காதா? நாளைக்கு..."ன்னு இழுத்தான். உடனே அவனே, "இல்ல அண்ணாச்சி, நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. இது நெசமாவே சொல்லுதேன்"ன்னான்.

ஜூன் 22

ரெண்டே காலுக்கு வந்துச்சு.

அஞ்சுல நாலு சரி. ஒன்னு 183 சென்டிமீட்டர் கேட்டதுக்கு 173 வந்துருக்கு. அளக்காமக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. நம்ம வகுப்புல ஒரு அஞ்சடிக்காரர் இருக்காரு, அவருக்குக் குடுத்துட்டேன், திருப்பி அனுப்பி இன்னொரு மாசம் காக்க யாரால முடியும்?

ரப்பர் பாய் வாங்குனவங்க, குடோன் வெயில்ல வெந்து வர்றதால நாத்தம் தூக்கலா இருக்கும். நெழல்ல காத்தாட விரிச்சி வைங்க. வெயில்ல போடாதீங்க, சீக்கிரம் பொடிஞ்சிரும்.

ஜூன் 25

டீச்சர் கதை. என் பேச்சக் கேட்டு 8-ந்தேதி வரைக்கும் பொறுத்துட்டு, கோவத்துல ரத்து பண்ணிட்டாங்க. தென்காசியில ஒரு விளையாட்டுச் சாமான் கடையில அன்னைக்கே பாய் வாங்கியாச்சு. 21-ந்தேதி நல்லபடியா நடந்துருக்கு. 23-ந்தேதி ரத்து பண்ணின பார்சல் வாசல்ல வந்து நிக்குது!

வாங்கலாமான்னு கேட்டாங்க. வாங்காதீங்க. பணம் திரும்பி வர்ற வழியில இருக்கு, இப்ப வாங்குனா அது பாதியில நின்னுரும். "வேண்டாம்"னு சொல்லித் திருப்பி அனுப்புங்க, அந்தச் செய்தியப் படம் எடுத்து வச்சிக்கிடுங்க.

ஜூன் 2-ல "ரத்து பண்ணாதீங்க"ன்னு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன். தேதி முக்கியம்னா, பார்சல் நம்ம ஊர் குடோனுக்கு வந்து அஞ்சு நாள் தாண்டிட்டா, ரத்து பண்ணிட்டு கடைக்கு நடங்க. இல்ல நேர்ல போயித் தூக்கிட்டு வாங்க, டி.வி.எஸ். 50 வேணும்னா நான் தாரேன்.

ஜூலை 6

"உள்ளூர்ல வாங்குனா இந்தத் தொல்லை இல்ல"ன்னு ஒரு அன்பர் எழுதியிருக்காரு. வாங்க, நம்ம உருளைத் தலகாணிக் கதையக் கேளுங்க.

பின்னால சாஞ்சி படுக்க ஒரு பெரிய உருளை வேணும். கடையில இருந்து வரவழைக்க முடியாது. கூரியர்ல நீளம், அகலம், உசரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்து வர்றது தராசு எடைய விடக் கூடன்னா, பெரும்பாலும் அதத்தான் எடைன்னு எடுத்துக்கிடுவாங்க. 65-க்கு 25-க்கு 25 போட்டுப் பாருங்க, எட்டுக் கிலோ வரும். தராசுல நின்னா பாதிகூட இருக்காது. கூலி சாமான் வெலைய எட்டிரும்.

அதனால மார்க்கெட் பக்கம் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன். பெரியவர் ஒத்த ஆளா உக்காந்துருக்காரு. ஒரு முழக் கம்பு, நுனி மழுங்கினது. பஞ்ச ஒரு கைப்பிடி எடுத்து உறைக்குள்ள விட்டு, கம்பால மூலைக்குத் தள்ளி, முழங்காலால அமுக்கி, திருப்பி ஒரு கைப்பிடி. மீசையெல்லாம் வெள்ளப் பஞ்சு. "நாளைக்கு வாங்க தம்பி"ன்னாரு. எனக்கு அறுவத்தொன்னு, தம்பின்னு கூப்பிட்டதுல மயங்கிட்டேன். அடுத்த நாள் போனேன், "நாளைக்கு." அடுத்த நாள், "கல்யாண மெத்தை வந்துட்டு, நாளைக்கு." ஒம்பது நாள். இவருக்கு ஸ்கேனரும் இல்ல, பட்டனும் இல்ல.

ஒம்பதாம் நாள் கெடச்சது இலவம் பஞ்சு. படுத்தா சொர்க்கம். ரெண்டு வாரத்துல அமுங்கி இட்லி ஆயிரும்னு என்கிட்ட யோகா படிக்க வர்ற தையல்கார அக்கா சொன்னாங்க. சொன்ன மாதிரியே ஆயிட்டு. பருத்திப் பஞ்ச நெறைய வச்சி இறுக்கி அடைக்கச் சொல்லணுமாம். திரும்பக் கொண்டு போயிக் குடுத்துருக்கேன். எப்பத் தருவீங்கன்னு கேக்கல.

ஜூலை 28

ஞாயித்துக்கெழம. சேரன்மகாதேவி பஸ்ஸப் பிடிச்சிப் பத்தமடைக்குப் போயிட்டு வந்தேன். இத்தன நாள் இது ஏன் தோணலன்னு வெக்கமா இருக்கு. சுவாமி சிவானந்தர் பொறந்த ஊரு, 1887-ல. டாக்டருக்குப் படிச்சி, மலேயாவுல வேல பாத்து, ரிஷிகேசம் போயி, 1936-ல தெய்வ நெறிக் கழகத்தத் தொடங்குனவரு. அவரு சிஷ்யப் பிள்ளைங்க வெளிநாடெல்லாம் யோகாவக் கொண்டு போனாங்க. ஊரோட தொழிலோ பாய். யோகாவும் பாயும் ஒரே தெருவுல கெடக்க, நான் ஹரியானாவப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில ஒரு அக்கா கோரை கிழிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஊற வச்ச கோரை, ஈரமா, வெளுத்த பச்சை. கத்தி நுனிய நடுவுல வச்சி ஒரு இழுப்பு, ரெண்டாப் பிரியுது. அதுல ஒன்ன எடுத்துத் திரும்ப ஒரு இழுப்பு. கண்ணு கத்தியில இல்ல, எங்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கு. உள்ள தரையோட தரையாத் தறி. ஒரு பொம்பள குச்சியில கோரையக் கோத்து ஊடால விடுதாங்க, இன்னொருத்தர் அச்ச இழுத்து அடிக்காங்க. டொக், டொக்.

"யோகா அளவுல வேணும்"னேன்.

"ஆறுக்கு ரெண்டா?"

"ஆமா. ஒன்னு போதும். நைஸா இருக்கணும்."

வெரலால ஏதோ கணக்குப் போட்டாங்க. "கையில ரெண்டு கல்யாணப் பாய் இருக்கு, பேரு போட்டு நெய்யணும். அது முடிஞ்சி, உங்களுக்குச் சாயம் ஏத்தி, காயணும். ஆவணி கடைசி வெள்ளிக்கெழம வாங்க. அதுக்கு முன்னால வந்தா இருக்காது."

ஒன்றரை மாசம். நான் சரின்னுட்டேன். முன்பணம் குடுத்துட்டு வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கறப்பதான் நெனச்சேன், இருவது நாளைக்குக் குதிச்சவன் நாப்பத்தேழு நாளைக்குத் தலையாட்டிட்டு வந்துட்டானே. "அதுக்கு முன்னால வந்தா இருக்காது"ன்னு 198-ல நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா?

ஜூலை 29

பெருமாள்புரத்துக்காரர்: "இல்ல."

ஆகஸ்ட் 17

உருளை வந்துட்டு. பருத்தி. கல்லு மாதிரி இருக்கு. பெரியவர் துட்டு கூட வாங்கல, "மொதத் தடவையே நான் கேட்டுருக்கணும்"ன்னாரு.

செப்டம்பர் 13

ஆவணி கடைசி வெள்ளி. சுருட்டிச் சணல்ல கட்டி வச்சிருந்தாங்க. ரெண்டு ஓரத்துலயும் செவப்பு, நடுவுல கோரையோட நெறம். துணி மாதிரி மடியுது. பஸ்ல மடியில வச்சிக்கிட்டு வந்தேன், கண்டக்டர் லக்கேஜ் போடல.

இது ரப்பர் பாய்க்குப் பதில் இல்ல, அத முன்னாடியே சொல்லிட்டேன். கைய ஊனுனா வழுக்கும். மூச்சுப் பயிற்சிக்கும், அசையாம மல்லாந்து படுக்கற சவாசனத்துக்கும்தான். முதுகுக்கு அடியில குளுகுளுன்னு இருக்கு, வேர்வை ஒட்டல.

அக்டோபர் 20

"பத்தமடைப் பாய் எப்பிடி இருக்கு, ஒரு மாசம் ஆச்சே"ன்னு டீச்சர் கேட்டுருக்காங்க. தெரியாது டீச்சர். ரெண்டாம் நாளே வீட்டுக்காரி மத்தியானத் தூக்கத்துக்கு எடுத்துக்கிட்டா, கேட்டா "இதுவும் சவாசனம்தான"ங்கா. இன்னொன்னு சொல்லலாம்னு போன் போட்டேன். ஐப்பசி, கார்த்திகையில கோரை காயாதாம், மழை முடியட்டும், தை பொறந்து கூப்பிடுங்கன்னு அந்த அக்கா சொல்லிட்டாங்க.